பரோடா மன்னரின் குதிரையோட்டி

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ் சுளிப்பது நம் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. கிண்டித் திடலில் மாதச் சம்பளத்தைத் தொலைத்து, வெறுங்கையுடன் வீடு திரும்பியோர் எத்தனையோ பேர்! ஆயினும், பணங்கட்டி வேடிக்கை பார்ப்பவனையும், உயிரைப் பணயம் வைத்துக் குதிரைமேல் அமர்பவனையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. சென்னைப் பந்தயக் கழகத்தைப் பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்ததே எனத் தீர்ப்பளித்தது. அத்திறமையையே முதலாகக் கொண்டு, கடல் கடந்து இந்தியா வந்து புகழீட்டிய எட்கர் பிரிட் என்பாரின் வரலாற்றை ஈண்டு வரையப் புகுந்தோம். பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர் கதை இத்தீவில் வாழும் நமக்கு அயலானதன்று.

பிரிட் 1913-இல் ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர். இளமையிலேயே தொழில் பழகி, 1935-இல் இந்தியா போந்தார். அதற்கு நெடுங்காலம் முன்னரே ஆஸ்திரேலியக் குதிரைகள் ‘வேலர்’ என்னும் பெயருடன் இந்தியப் படைக்கெனச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியதுண்டு. குதிரை வந்த கடல்வழியே குதிரையோட்டியும் வந்தார் எனலாம்.

ஜாக்கி என வழங்கும் இக்குதிரையோட்டிகளின் வாழ்வு எளிதன்று. பந்தயத்திற்கு முன் சேணத்துடன் ஆளை நிறுப்பர். பந்தயம் முடிந்ததும் மறுபடி நிறுப்பர். விதித்த எடைக்கு ஆள் குறைந்தவராயின் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி ஈடு செய்வர். மிகுந்தவராயின் ஈடு செய்ய வழியேது? பட்டினிதான். இதனால் விருந்துண்ணும் வயதில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு வாழ்ந்தோரே பலர். தாயகத்தில் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் நாம் அன்றாடம் மூட்டைகளை நிறுத்துப் பழகியவர். அங்கே எடை மிகுந்தால் கட்டணம் கூடும், அவ்வளவே. பந்தயத் திடலிலோ, திரும்ப நிறுக்கையில் எடை குறைந்திருப்பின் வென்ற பரிசே பறிபோகும்! இத்தகைய தொழிலில் பிரிட் பத்தாண்டுகள் இந்தியாவில் நிலைத்து நின்றார்.

1943-இல், நம் போர்ட் பிளேயர் ஜப்பானியர் பிடியில் அல்லலுற்ற அதே காலத்தில், பம்பாய் மகாலட்சுமித் திடலில் முதலாவது இந்திய டெர்பி நடைபெற்றது. பரோடா மன்னர் பிரதாப் சிங் கெய்க்வாடின் ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ என்னும் பெண் குதிரையைச் செலுத்தி வென்றவர் பிரிட்டே. 1945-இல் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கும் மன்னரின் குதிரைகள் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

அவ்வாண்டு மன்னர் ஓராண்டுக் குட்டி ஒன்றை 28,000 கினிக்கு வாங்கினார். ஒரு கினி ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் ஆகும். அக்கால நாணய மாற்றில் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபாய்! அக்குட்டிக்குத் தம் பாட்டனாரான சாயாஜிராவின் பெயரையே மன்னர் சூட்டினார். 1906-இல் தம் நாட்டிற் கட்டாயத் தொடக்கக் கல்வியை ஏற்படுத்தியவர், அம்பேத்கர் அயல்நாட்டிற் பயிலப் பொருளுதவி செய்தவர் அப்பாட்டனார். அன்னாரின் பெயரைப் பந்தயக் குதிரைக்கு இட்டது நமக்கு உவப்பாகத் தோன்றவில்லை. எனினும் குதிரை செய்த குற்றம் யாது? 1947-இல் இங்கிலாந்து டெர்பியில் மூன்றாவதாக வந்த சாயாஜிராவ், ஐரிஷ் டெர்பியை வென்றது. பின்னர், இந்தியா விடுதலை பெற்ற மறு மாதத்தில், 1776 முதல் டான்காஸ்டரில் நடந்துவரும் செயின்ட் லெஜர் பந்தயத்தில், ஒன்றே முக்கால் மைலுக்கும் சற்று மிகுந்த தொலைவை ஓடி, பிரெஞ்சுக் குதிரையான அர்பாரை ஒரேயொரு தலையளவில் முந்தியது. அத்துணைத் தூரம் ஓடிய குதிரையிடம் கடைசி நொடியில் ஒரு தலையளவு வலிமையை மிச்சம் வைத்திருந்ததே ஓட்டியவரின் திறம்.

மறு ஆண்டு ‘பிளாக் டார்குவின்’ மீதேறி மீண்டும் செயின்ட் லெஜரை வென்றார். 1949-இல் ‘முசிடோரா’ அவருக்கு இரு வெற்றிகளைத் தந்தது. 1953-இல் ‘நியாருலா’ ஒன்று. இங்கிலாந்தின் தலைசிறந்த பந்தயங்களில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் ஏழு.

குதிரைகளுக்கு அள்ளியிறைத்த மன்னரின் நிலை வேறாயிற்று. 1949-இல் பரோடா பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. 1951-இல் இந்திய அரசு அவரைப் பட்டத்தினின்றும் நீக்கியது. பிரிட்டோ 1959-இல் தாமே தொழிலை விட்டு ஆஸ்திரேலியா திரும்பி, செய்தித்தாளில் பந்தயங்களைப் பற்றி எழுதலானார். அவர் 2017-இல் காலமானபோது அவருக்கு வயது நூற்று மூன்று.