ஊர்தியும் கைப்பேசியும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வேதியியல் ஆய்வகத்தின் இடப்பெயர்ச்சி

வேதியியல் ஆய்வகம் தொடக்கத்திலிருந்தே மாணவருக்கு உரிய இடமாக இருந்ததில்லை. பேராசிரியர் மேடையில் சோதனையைச் செய்து காட்டுவார்; மாணவர் அமர்ந்து பார்ப்பர். 1824இல் ஜெர்மனியின் கீசென் நகரில் பணியேற்ற லீபிக், மாணவரே தம் கையால் பகுப்பாய்வு செய்து பழகும் முறையை நிலைபெறச் செய்தார். அம்முறை பிற நாடுகளுக்கும் பரவி, இந்தியக் கல்லூரிகளில் 'தியரி', 'பிராக்டிக்கல்' என்னும் இரட்டைப் பிரிவாக வேரூன்றியது. பின்னதைத் தமிழ் 'செய்முறை' என்றது. செய்தல் என்னும் வினையே அச்சொல்லின் பகுதி. ஆகவே, செய்கின்ற கையை நீக்கித் திரையை வைத்த பிறகும் அது செய்முறைதானா என்ற வினா வெறும் தொழில்நுட்ப வினா அன்று. அதற்கு விடை தேட ஏற்ற களங்களுள் ஒன்று சித்தூர், திருப்பதி வட்டாரம்.

1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பெற்று உருவானது சித்தூர் மாவட்டம். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும், எல்லையின் இருபுறத்திலும் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்கிவருகின்றன. உயர்கல்வியில் இவ்வட்டாரம் பின்தங்கியதன்று. திருப்பதியில் 1954இல் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகம் அமைந்தது, 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் (ஐ.ஐ.டி.), இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தன. ஆயினும் ஆராய்ச்சி ஆய்வகத்துக்கும், ஆய்வகம் என்பதே பூட்டிய அலமாரியாக இருக்கும் சிற்றூர்ப் பள்ளிக்கும் இடையிலான தொலைவைச் சாலைக்கணக்கால் அளக்க இயலாது.

அத்தொலைவைக் குறைக்க இங்கு நிகழ்ந்த முயற்சிகளுள் முதலில் சுட்டத்தக்கது சக்கரங்களின் மேல் வந்தது. 1999இல் தொடங்கப்பட்ட அகஸ்தியா பன்னாட்டு அறக்கட்டளை, சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள குப்பத்தைத் தன் வளாகத்துக்குத் தெரிவு செய்தது. சோதனைக் கருவிகளையும் பயிற்றுநரையும் ஏற்றிக்கொண்டு அதன் ஊர்திகள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றன. அவற்றுக்கு வழங்கிய பெயர் 'மொபைல் லேப்'. 2002இல் அதே குப்பத்தில் எச்.பி. நிறுவனம், கணினியையும் இணையத்தையும் ஊரக மக்களிடம் கொண்டுசேர்க்கும் சமுதாயத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆக, 'மொபைல்' என்ற சொல் கைப்பேசியின் பெயராக நிலைபெறுமுன், இங்கு ஆய்வகத்தைச் சுமந்து வரும் வண்டியின் பெயராகவும் இருந்தது. முதல் பொருளில் நகர்ந்தது கருவி. இரண்டாம் பொருளில் நகர்வது கருவியின் படிமம்.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது செயற்கைக்கோள். கல்விக்கென்றே இந்தியா உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான எடுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அன்று நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அத்தீவு, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் இன்று அமைந்துள்ளது. எடுசாட் வழி ஆசிரியரோடு உரையாட வசதி இருந்தது. ஆனால் சோதனையைப் பொறுத்தவரை மாணவர் மீண்டும் லீபிக்குக்கு முந்தைய நிலைக்கே திரும்பினார்: ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்தனர்.

இக்குறையைக் களைய முனைந்ததே மெய்நிகர் ஆய்வகம். தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் வழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின்கீழ், 2009இல் தில்லி ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் 'வர்ச்சுவல் லேப்ஸ்' திட்டம் தொடங்கியது. அதில் பங்கேற்ற அமிர்தா பல்கலைக்கழகம் இயற்பிய, கனிம, கரிம வேதியியல் சோதனைகளை உருவாக்கியது. மும்பை சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 'ஓலேப்ஸ்' தளத்தையும் அது அமைத்தது. கோட்பாடு, செய்முறை, உருவகச் சோதனை, தன்மதிப்பீடு என்ற வரிசையில் அமைந்த இச்சோதனைகளில் மாணவர் பார்வையாளர் அல்லர்; கரைசலைத் தெரிவு செய்கிறார், செறிவை மாற்றுகிறார், பியூரெட்டைத் திறக்கிறார்.

ஆனால் தொடக்கத்தில் இவை கைப்பேசிக்கு உரியனவாக இல்லை. பல சோதனைகள் ஃபிளாஷ் மென்பொருளில் எழுதப்பட்டிருந்தன. ஐபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. 2012இல் ஆண்டிராய்டும் அதைக் கைவிட்டது. ஆக, மேசைக் கணினி உள்ள கல்லூரிக்கே ஆய்வகம் திறந்திருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகை தரவுக் கட்டணத்தைச் சரித்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளி, கல்லூரிகளை அடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 31உடன் ஃபிளாஷின் ஆதரவு முற்றிலும் முடிந்தது. பழைய சோதனைகளைப் புதிய இணைய மொழிகளில் மாற்றி எழுதுவது தவிர்க்க இயலாததாயிற்று. அம்மாற்றமே அவற்றைக் கைப்பேசித் திரைக்கும் கொண்டுசேர்த்தது.

அரசின் கொள்கையும் அத்திசையிலேயே நகர்ந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மெய்நிகர் ஆய்வகங்களை வலியுறுத்தியது. 2022-23 ஒன்றிய வரவு செலவுத் திட்டம் அறிவியல், கணிதப் பாடங்களில் 750 மெய்நிகர் ஆய்வகங்களை அறிவித்தது. 2022 டிசம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு, எட்டாம் வகுப்பு மாணவருக்குப் பாடங்கள் ஏற்றப்பட்ட கைக்கணினிகளை வழங்கத் தொடங்கியது.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஹைட்ரஜன் சல்பைடு நச்சுவாயு. அடர் அமிலம் தோலைச் சுடும். நிறமாலைமானி பள்ளிக்கு எட்டாத விலை. திரையில் இவற்றைப் பத்து முறை செய்து பார்க்கலாம். கண்ணாடி உடையாது, வேதிப்பொருள் தீராது. ஆய்வகத்துக்குள் நுழையுமுன் ஒரு முறை திரையில் பழகிய மாணவர், அங்கு கருவியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கமாட்டார்.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. தரம் பார்த்தலில் பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் தங்கும். கண்மட்டம் பிசகினால் இடமாறு தோற்றப்பிழை நேரும். பினால்ஃப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு ஒரு துளியில் கடந்துவிடும். ஒத்த அளவீடு கிடைக்கும்வரை மீண்டும் செய்ய வேண்டும் என்ற ஒழுக்கம் இப்பிழைகளிலிருந்தே பிறக்கிறது. திரையிலோ, நிரல் எழுதியவர் இட்ட பிழை மட்டுமே தோன்றும். 1890களில் ரேலி, காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்திருப்பதைக் கண்டார். அவ்வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றதால் 1894இல் அவரும் ராம்சேயும் ஆர்கானை அறிவித்தனர். அன்றைய அறிவைக் கொண்டு ஓர் உருவகச் சோதனை எழுதப்பட்டிருந்தால், இரு நைட்ரஜன்களும் ஒரே அடர்த்தியையே காட்டியிருக்கும். உருவகம் தெரிந்ததைக் கற்பிக்கும். தெரியாதது அதனுள் நுழைய வழியில்லை.

மொழியும் இதில் ஒரு கூறு. குப்பம் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் அங்கு நிறுவப்பட்டது தற்செயலன்று. ஊர்தியோடு வரும் பயிற்றுநர் ஒரே வகுப்பில் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் மாறிமாறிப் பேச இயலும். நிறம் மாறுவதைச் சுட்டிக்காட்ட விரலே போதும். திரையில் ஒவ்வொரு படியும் வாசித்து அறியவேண்டிய சொல்லாக நிற்கிறது. அச்சொல் எம்மொழியில் இருக்கும் என்பதை வகுப்பறை தீர்மானிப்பதில்லை. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறு, திரை மொழி பிறிதொன்று எனும்போது, மாணவர் முதலில் தரம் பார்க்க நேர்வது மொழியையே.

எனவே, ஊர்தியா கைப்பேசியா என்ற கேள்வி பயன் தராது. இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுவது, ஒன்று மற்றொன்றுக்குத் துணையாக வந்தபோது மாணவர் ஈட்டினர். மாற்றாக வந்தபோது மீண்டும் பார்வையாளர் ஆயினர் என்பதே. மெய்நிகர் ஆய்வகம் இவற்றுள் எதுவாக வந்துள்ளது என்பதை அறிவிப்புகளில் தேடவேண்டியதில்லை. பள்ளியின் கால அட்டவணையில் செய்முறைக்கென ஒதுக்கிய மணி நேரமும், இருப்புப் பதிவேட்டில் அவ்வாண்டு வாங்கிய அமிலமும் காரமும் நிறங்காட்டியும் அதைச் சொல்லிவிடும்.