கூந்தல் வலையும் கூலிக் கரங்களும்

மகளிர் அணிகளைப் பற்றிப் பேசப் புகுவோர் பொன்னையும் மணியையும் பேசுவர். கூந்தல் சிதறாது காக்கும் மெல்லிய வலையைப் பேசுவோர் அரியர். நாம் இங்கு நோக்கப் புகுவது அவ்வலையின் வரலாற்றையே.

டென்மார்க்கு நாட்டில் ஸ்க்ரிட்ஸ்ட்ரப் என்னுமிடத்தில் பழைய புதைமேடு ஒன்று 1935ஆம் ஆண்டில் அகழப்பட்டது. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் அதில் அடக்கப்பெற்ற இளம்பெண்ணின் கூந்தலைக் குதிரைமயிர் வலை மூடியிருந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பெயி நகரின் சுவரோவியம் ஒன்றில், எழுத்தாணி ஏந்திய நங்கை பொன்வலை அணிந்து விளங்குகிறாள். உரோமர் அதனை ‘ரெட்டிகுலம்’ என்றனர். சிறுவலை என்பது பொருள். அரபியில் வலைக்கு ‘ஷபகா’ என்று பெயர். ஒன்றோடொன்று பின்னிப் பிணைதலே அச்சொல்லின் வேர்ப்பொருள். பிற்காலத்தில் இவ்வலை தொலைதூர நாடுகளையும் அவ்வாறே பிணைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு மகளிர் நெடுங்கூந்தலை உயர்த்தி முடிந்தனர். அது கலையாதிருக்க மனிதத் தலைமுடியாலேயே ஆன வலையை விரும்பினர். நிறம் ஒத்திருப்பின் அது பிறர் கண்ணுக்குப் புலப்படாதன்றோ! முன்னர் பொஹீமியா முதலிய ஐரோப்பியப் பகுதிகளில் நிகழ்ந்த இத்தொழில், முதல் உலகப் போர்க் காலத்தில் சீனாவின் ஷாண்டுங் மாநிலத்தில் ஓங்கியது. இன்று யாந்தாய் எனப்படும் சீஃபூ துறைமுகம் அதன் வாயிலாயிற்று. சீனரின் தலைமுடி கடல் கடந்து சென்று, பதப்பட்டுச் சாயமேறித் திரும்பி வந்தது. ஏழை வீட்டுப் பெண்களும் சிறுமியரும் இழை இழையாக முடிச்சிட்டு அதனை வலையாக்க, அவ்வலை மீண்டும் கடல் கடந்தது.

1920களில் மேலைநாட்டு மகளிர் கூந்தலைக் கத்தரித்துக் குட்டையாக்கலாயினர். குட்டை முடிக்கு வலை எதற்கு? வாணிகம் சரிந்தது; எங்கோ மாறிய ஒரு நாகரிகத்தால் ஷாண்டுங் குடிசைகளில் கூலி நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் ஆலைகளில் பணிபுரியவே, எந்திரத்தில் கூந்தல் சிக்காதிருக்க வலை மீண்டும் தேவையாயிற்று. உணவுத் தொழிற்கூடங்களில் தூய்மை கருதி இன்றும் அது அணியப்படுகிறது.

கண்ணுக்குப் புலப்படாமையே அவ்வலையின் சிறப்பெனக் கருதினர். அதனை முடிந்த கரங்களும் எவர் கண்ணுக்கும் புலப்படாமற் போயின என்பதே வருந்தத்தக்கது. மலிவாகக் கிடைக்கும் எப்பொருளையும் வாங்குமுன், இதனை ஆக்கியவர் யார், அவர் பெற்ற கூலி யாது என எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.