தூண்டல்

அடி அண்ணாமலைக் கோயிலில் அகல் மங்கினால், எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குச்சியால் கருகிய நுனியைத் தட்டித் திரியை மேலே ஏற்றுவார்கள். அதுதான் தூண்டுதல், அந்தக் குச்சி தூண்டுகோல். மனத்தை ஊக்குவதற்கும் இதே சொல்தான்.

இன்று மருத்துவர்கள் 'மூளைத் தூண்டல்' என்கிறார்கள். தலையில் மின்முனை வைத்து 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை 20 நிமிடம் போலச் செலுத்துவது ஒரு முறை. காந்தத் துடிப்பு இன்னொன்று. அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டாலும், வயதுக்கு மீறி மறக்கிறவர்களுக்கு இந்தத் தூண்டல் உதவுமா என்று ஆராய்கிறார்கள். நம்பிக்கை உண்டு, உறுதியான சிகிச்சை என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. வீட்டுப் பெரியவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், அகலில் எண்ணெயைப் பார்ப்பதுபோல, முதலில் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை செய்து பாருங்கள்; அவற்றின் குறைவாலும் மறதி வரலாம்.