வவுனியாத் தொகுதியின் கணிதப் பேராசிரியர்

நாயாற்றுக் கடனீரேரியில் வலை வீசியோரும் வன்னிக் குளங்களின் கீழ் நெல் விளைவித்தோரும் ஒரே பிரதிநிதிக்கு வாக்களித்த காலமொன்று இருந்தது. முல்லைத்தீவு தனித்தொகுதியாகியது 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே. அதற்கு முன் பரந்து கிடந்த வவுனியாத் தொகுதியை 1947இல் வென்றவர் செல்லப்பா சுந்தரலிங்கம்.

உரும்பிராயில் 1895இற் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டிற் பயின்று, இந்திய சிவில் சேவையைத் துறந்து, கொழும்பிற் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர் அவர். சுயேச்சையாக வென்று வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் 1948 டிசம்பரிற் பதவியை விட்டார். எனினும், முதற் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய வேளையில் அவர் அமைச்சரவையில் இருந்தவரே என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை.

கல்வி மிகுந்தவர், பொறுமையோ சிறிது. தேசியக் கொடியின் அமைப்பை எதிர்த்து 1951இல் ஆசனத்தைத் துறந்தார். 1955இல் மூன்று மாதம் சபைக்குச் செல்லாமையால் அதனை மீண்டும் இழந்தார். இருமுறையும் இடைத்தேர்தலில் வன்னி மக்கள் அவரையே திருப்பி அனுப்பினர். இத்தனை பொறுமை காட்டிய வாக்காளரைக் காண்பது அரிது!

அப்பொறுமையும் 1960 மார்ச்சில் முடிந்தது, தா. சிவசிதம்பரம் வென்றார். தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென முன்னரே முழங்கிய அப்பெரியவர், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட தமிழரின் நுழைவைத் தடுத்து நின்றார். அதற்காக நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்.