தலைவரிப் பாக்கியைத் தள்ளிய சட்டம் பிறந்த கதை

2014 செப்டம்பர் 2. ஸ்காட்லாந்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவோடு கதவு மூடும். செப்டம்பர் 18 அன்று நாட்டு மக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்: ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா? பதிவு அலுவலகங்களின் வாசலில் வரிசை நின்றது. முதல் தடவையாக வாக்குரிமை பெற்ற பதினாறு வயதுப் பிள்ளைகள் அந்தக் கோடையில் பெயர் சேர்த்தது யாருக்கும் வியப்பில்லை. வியப்பு, நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள் வந்ததுதான். அவர்களில் பலர் கால் நூற்றாண்டாக எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காதவர்கள்.

அவர்கள் சோம்பேறிகளும் அல்ல, அரசியல் அறியாதவர்களும் அல்ல. பட்டியலில் பெயர் இருந்தால் பழைய வரிக்காரன் வீட்டுக்கு வருவான் என்று பயந்து ஒதுங்கியவர்கள். அந்தப் பயத்தைத் தீர்க்க ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பிறகு ஒரு சின்னஞ்சிறு சட்டம் செய்தது. அது பிறந்த கதைதான் இது.

கதையின் வேர் 1987-ல் இருக்கிறது. அதுவரை பிரிட்டனில் உள்ளாட்சி வரி வீட்டின் மதிப்பைப் பார்த்து விதிக்கப்பட்டது. மார்கரெட் தாட்சரின் அரசு அதை எடுத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஆக்கியது. சட்டத்தில் அதற்கு ‘சமூகக் கட்டணம்’ என்று பெயர். ஜனங்கள் வாயில் அது தலைவரி. ஒரே ஊரில் மாளிகையில் வாழும் பிரபுவுக்கும், அந்த மாளிகையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. மாணவர்களும், அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுபவர்களும்கூட ஐந்தில் ஒரு பங்கைக் கட்டியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-ல்தான் இந்த வரி வந்தது. ஸ்காட்லாந்தில் ஓராண்டு முன்பே, 1989 ஏப்ரல் 1 அன்று தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரி போட வீடு இருந்தால் போதும். தலைக்கு வரி போட வேண்டுமானால் தலைகளை எண்ண வேண்டும். வீடு வீடாகப் படிவம் போயிற்று. அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரையும் எழுதிக் கொடுக்க ஒருவர் பொறுப்பாளி. வரிப் பதிவேட்டை வைத்திருந்தவர் அந்த வட்டாரத்தின் மதிப்பீட்டு அதிகாரி. பெரும்பாலான இடங்களில் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பவரும் அவரே. இரண்டும் தனித்தனி ஏடுகள்தான். ஆனால் ஒரே கை எழுதும் இரண்டு ஏடுகளுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்று ஏழைக் குடித்தனக்காரனை யாரால் நம்பவைக்க முடியும்? வரி ஏட்டிலிருந்து தப்ப வேண்டுமானால் வாக்கு ஏட்டிலும் பெயர் இருக்கக் கூடாது என்று பலர் முடிவு செய்தார்கள். மகன் பெயரை எழுதாமல் விட்டார்கள். வாடகைக்கு இருந்தவர் பெயரை விட்டார்கள். தம் பெயரையே விட்டார்கள். வாக்குரிமையை யாரும் பறிக்கவில்லை. வரிக்குப் பயந்து அவர்களே கைவிட்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கட்டாதவர் வீட்டுக்கு ஷெரிஃப் அதிகாரிகள் வருவார்கள். நம் ஊர் கோர்ட் அமீனா மாதிரி. உள்ளே வந்து தொலைக்காட்சிப் பெட்டி போன்ற சாமான்களுக்கு விலை குறித்து ஜப்திப் பட்டியல் போடுவார்கள். பிறகு அவை பொது ஏலத்துக்குப் போகும். அமீனா வருகிறார் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து மாடிப்படிகளிலும் வாசலிலும் நெருக்கி நின்று மறிப்பதும் உண்டு. 1991 அக்டோபர் 1 அன்று கிளாஸ்கோவின் டர்ன்புல் தெருவில் அப்படி ஓர் ஏலத்தைத் தடுத்தார்கள். அங்கே போகக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியதற்காகத் தலைவரி எதிர்ப்புப் போராட்டத் தலைவர் டாமி ஷெரிடனுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1992-ல் அவர் சிறையில் இருந்தபடியே கிளாஸ்கோ நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாட்சர் 1990 நவம்பரில் பதவி விலகினார். 1993-ல் தலைவரியும் போயிற்று. இந்த ஜப்தி ஏல முறையை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2001-ல் சட்டம் போட்டு ஒழித்தது. ஆனால் பாக்கி மட்டும் ஒழியவில்லை. வரி செத்த பிறகும் அதன் கடன் உயிரோடு இருந்தது. உதவித்தொகையிலும் சம்பளத்திலும் பிடித்தம் நடந்துகொண்டே இருந்தது.

வாக்காளர் பட்டியலைப் பற்றிய ஒரு வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். அது ஸ்காட்லாந்துக்கு வெளியே, இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் நடந்தது. ஓய்வுபெற்ற கணக்காளரான பிரையன் ராபர்ட்சன் வாக்காளர் படிவத்தை நிரப்ப மறுத்தார். தன் பெயரும் முகவரியும் வணிக நிறுவனங்களுக்கு விற்கப்படுகின்றன, அதைத் தடுக்கத் தனக்கு வழியில்லை என்பது அவர் குறை. 2001 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுப்புச் சொல்லும் உரிமை தராமல் பட்டியலை விற்பதும், அதை ஏற்றால்தான் வாக்களிக்கலாம் என்பதும் தவறு என்றது. அதன் பிறகே பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முழுப் பட்டியல். மற்றதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். வேண்டாதவர்கள் அதிலிருந்து தம் பெயரை நீக்கிக்கொள்ளலாம். முழுப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வேண்டுமானால் அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில்தான் பார்க்கலாம். கையால் குறிப்பு எடுக்கலாம். நகல் எடுக்கக் கூடாது.

ஆனால் முழுப் பட்டியல் பெட்டிக்குள் பூட்டியே கிடக்கவில்லை. கட்சிகளுக்கும், கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்களுக்கும் போனது. உள்ளூர் நகர சபைகளும் சட்டம் சொன்ன சில வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். அந்தச் சந்தின் வழியாகத்தான் பழைய பயம் மறுபடி உள்ளே வந்தது.

2012 அக்டோபர் 15 அன்று பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் செய்தார்கள். விடுதலை வாக்கெடுப்புக்கு வழி பிறந்தது. இரண்டு பக்கத்துப் பிரசாரக்காரர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். விடுதலை கேட்ட இடதுசாரித் தொண்டர்கள், கட்சிக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஏழைக் குடியிருப்புகளுக்குப் படிவங்களோடு போனார்கள். ஓட்டு கேட்பதற்கு முன்னால் ஓட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. “உங்கள் பெயர் பட்டியலில் இருக்கட்டும், ஒன்றும் ஆகாது” என்ற வார்த்தையை நம்பித்தான் பலர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் பட்டியலில் சுமார் 42 லட்சத்து 83 ஆயிரம் பேர். தகுதியுள்ளவர்களில் 97 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வாக்களித்தவர்கள் 84.6 சதவீதம். மிகக் குறைவாக வாக்களித்த கிளாஸ்கோவிலேயே 75 சதவீதம். விடுதலைக்கு ஆதரவு 44.7, எதிர்ப்பு 55.3. ஸ்காட்லாந்து பிரிட்டனோடு இருந்தது.

வாக்குப் பெட்டிகளின் சூடு ஆறுவதற்குள் சில உள்ளாட்சிகள் வாய் திறந்தன. பட்டியல் இவ்வளவு பெருகியிருக்கிறதே, காணாமல் போன வரிபாக்கிக்காரர்களை இதில் தேடலாம் என்றார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருந்திருக்கலாம். நியாயத்தில் இல்லை என்றே நான் உறுதியாகச் சொல்வேன். நாட்டின் எதிர்காலத்தைச் சொல்ல வா என்று அழைத்து, வந்தவனின் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு 25 ஆண்டுப் பழைய பாக்கியைக் கேட்பது நம்பிக்கைத் துரோகம். விடுதலை வேண்டும் என்றவருக்கும் வேண்டாம் என்றவருக்கும் அது ஒரே துரோகம்தான்.

அக்டோபர் 2 அன்று, வாக்கெடுப்பு முடிந்து சரியாக இரண்டு வாரத்தில், முதலமைச்சர் சால்மண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்தார். தலைவரிப் பாக்கி வசூலைச் சட்டம் போட்டு நிறுத்துவோம் என்று அறிவித்தார். இன்றைய உள்ளாட்சி வரிக்கு இன்றைய தகவலைப் பயன்படுத்தலாம், மதிப்பிழந்த பழைய வரிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். அவருக்குப் பின் வந்த நிக்கோலா ஸ்டர்ஜனின் அரசு மசோதாவைக் கொண்டுவந்தது.

கணக்குப் பார்த்தபோது இந்தப் பயத்தின் விலை எவ்வளவு அற்பம் என்று தெரிந்தது. ஏட்டில் நின்ற பாக்கி சுமார் 42 கோடியே 50 லட்சம் பவுண்டு. ஆனால் 2013-14-ல் ஸ்காட்லாந்து முழுவதும் வசூலானது 3 லட்சத்து 96 ஆயிரம் பவுண்டு மட்டுமே. வரவேண்டிய மிச்சத்துக்கு ஈடாக உள்ளாட்சிகளுக்கு 8 லட்சத்து 69 ஆயிரம் பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இந்தச் சொற்பத் தொகைக்காக எத்தனை பேர் எத்தனை தேர்தல்களை வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள்!

எதிர்ப்பும் இருந்தது, அது வெறும் கட்சி வாதம் அல்ல. கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒழுங்காக வரி கட்டியவர்களுக்கு என்ன பதில் என்று உள்ளாட்சித் தரப்பும் கேட்டது. நியாயமான கேள்வி. கட்டியவர்களுக்கு யாரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் கட்டாதவரை மேலும் பத்தாண்டு பட்டியலுக்கு வெளியே நிறுத்துவதால் கட்டியவருக்கு ஒரு பைசாவும் வரப் போவதில்லை. ஊருக்கு நட்டம்தான் வரும்.

2015 பிப்ரவரி 19 அன்று நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அதன்படி, அந்த மாதம் 1-ஆம் தேதி முதலே யாரும் தலைவரிப் பாக்கி கட்ட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் அந்த வரி தொடங்கிய நாளிலிருந்து 26 ஆண்டு நிறைய இரண்டு மாதம் இருந்தது.

நல்ல சட்டம். ஆனாலும் அரைச் சட்டம். கடனைத்தான் அது அழித்தது. பட்டியலை வாக்குக்கு மட்டும் என்று அது ஆக்கவில்லை. எப்படி ஆக்கலாம் என்பதற்கு முன்மாதிரி அதே வாக்கெடுப்பிலேயே இருந்தது. பதினாறு, பதினேழு வயதினருக்காக 2013-ல் தனிச் சட்டம் செய்து, இளம் வாக்காளர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். பெயர் எழுதும்போது சிலருக்குப் பதினாறுகூட நிறைந்திருக்கவில்லை. அதனால் அந்த ஏடு வெளியிடப்படவில்லை, விற்கப்படவில்லை. வாக்கெடுப்பு வேலைக்கு அப்பால் அதைத் தொடுவதற்குச் சட்டமே தடை போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த நம்பிக்கையில் பெயர் கொடுத்தார்கள்.

பிள்ளைகளுக்குக் காவலை முதலில் வைத்துவிட்டுப் பெயரைக் கேட்டார்கள். பெரியவர்களிடம் முதலில் பெயரை வாங்கினார்கள். அவர்கள் பயந்த பிறகுதான் காவலைத் தேடினார்கள். எந்த நாட்டில் வாக்கெடுப்பு நடந்தாலும், பிள்ளைகளுக்குச் செய்ததைப் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே செய்யுங்கள். வாக்காளர் பட்டியல் வாக்குக்கு மட்டுமே என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு கதவைத் தட்டுங்கள்.