வீட்டுக் கணினியும் ஒலிநாடாவும்

வரலாறு என்பது அரசர்களின் வெற்றி தோல்விகளை மட்டும் கூறுவதன்று. மக்கள் நாள்தோறும் கையாண்ட கருவிகளின் கதையும் வரலாறே ஆகும். ஏரையும் தறியையும் அச்சுப்பொறியையும் பற்றி நாம் பாடநூல்களில் படிக்கிறோம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டு வீடுகளுக்குள் புகுந்த சிறு கணினிகளைப் பற்றி அவ்வாறு படிப்பதில்லை. அக்கணினிகள் தமக்கு வேண்டியவற்றை எங்கே சேமித்து வைத்தன? இன்று அவற்றை மீண்டும் இயக்க விரும்புவோர் எவ்வழியைத் தேர்ந்தெடுத்தல் நன்று? இவ்விரு வினாக்களையே இப்பேச்சிற்குப் பொருளாகக் கொள்கிறேன். எல்லாக் கணினிகளையும் எடுத்துரைக்கப் புகின் நேரம் போதாது. ஆதலின் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்பெக்ட்ரம் என்னும் ஒரு கணினியை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

கேம்பிரிட்ஜ் நகரில் கிளைவ் சின்க்ளேர் நடத்திவந்த நிறுவனம் 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இக்கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட்டு நினைவகம் உடையதன் விலை 125 பவுன். 48 கிலோபைட்டு உடையதன் விலை 175 பவுன். ஒரு புத்தகத்தைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி. அதன்மேல் இரப்பர் விசைகள். வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை.

இப்பெட்டிக்குள் இருவகை நினைவகங்கள் இருந்தன. ஒன்று, தொழிற்சாலையிலேயே எழுதப்பெற்று என்றும் அழியாதது. பேசிக் என்னும் நிரல்மொழி அதில் அடங்கியிருந்தது. மற்றொன்று, பயன்படுத்துவோர் எழுதுவதை ஏற்றுக்கொள்வது. ஆனால் மின்சாரம் நின்ற அக்கணமே யாவற்றையும் மறந்துவிடுவது. ஒரு சிறுவன் மாலை முழுதும் அமர்ந்து எழுதிய நிரல், மின்சுவிட்சை அணைத்த நொடியில் மறைந்துபோகும். ஆகவே நினைவகத்திலுள்ளதை வெளியே எடுத்துவைக்க ஓர் இடம் வேண்டும். எளிய குடும்பத்தார்க்கும் எட்டும் விலையில் அவ்விடம் கிடைக்கவேண்டும். இதுவே அக்காலத்துப் பொறியாளர் முன் நின்ற சிக்கல்.

விடை அவர்கள் வீடுகளிலேயே இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த ஒலிநாடாக் கேசட்டு, அதற்குள் பாட்டுக் கேட்கும் பொருளாக உலகெங்கும் பரவியிருந்தது. எழுத்துகளை ஒலியாக மாற்றிவிட்டால், பாட்டைப் பதியும் கருவியே நிரலையும் பதியும் அன்றோ? இவ்வெண்ணம் சின்க்ளேருக்கு முன்பே பலர்க்கும் தோன்றியதுதான். 1975 நவம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் பைட் என்னும் இதழின் முயற்சியால் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையில் நாடாவில் பதிந்தால் ஒருவர் நாடா மற்றொருவர்க்குப் பயன்படாது என்பதை உணர்ந்து, அங்கே கூடியோர் பொதுமுறை ஒன்றை வகுத்தனர். நொடிக்கு 300 பிட்டுகள் என்பது அதன் வேகம். அதன்பின் வந்த கணினிகளோ, விரைவை நாடித் தத்தமக்கெனத் தனிமுறைகளையே அமைத்துக்கொண்டன. ஸ்பெக்ட்ரமும் அவ்வாறே செய்தது.

அதன் முறையைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணரலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் இலக்கணத்தில் கற்கிறோம். ஸ்பெக்ட்ரமின் நாடாவில் சுழியம் குறில், ஒன்று நெடில். சுழியத்தைக் குறிக்கும் ஒலியலை நொடியின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும். ஒன்றைக் குறிக்கும் அலை அதனினும் இருமடங்கு நேரம் நிற்கும். கணினி ஒலியின் இனிமையைக் கேட்பதில்லை; அது நிற்கும் நேரத்தை மட்டும் அளந்து, இது குறில், இது நெடில் என்று பிரித்தறிகிறது. இங்ஙனம் நொடிக்கு ஏறத்தாழ 1500 பிட்டுகள் நாடாவிலிருந்து நினைவகத்தை அடையும். 48 கிலோபைட்டு நினைவகம் நிரம்ப நாலரை அல்லது ஐந்து நிமிடம் ஆகும்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். முதலில் நீண்ட ஒற்றை ஓசை எழும். தொடர்ந்து எழும் செய்தியைக் கேட்கக் கணினி ஆயத்தமாவதற்கு உரிய ஓசை அது. அப்போது திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் ஓடும். பின் நிரலின் பெயரும் நீளமும் தாங்கிய 17 பைட்டுகள் வரும். அதன்பின் நிரலின் உடல் வரும். அப்போது பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். பெரும்பாலான விளையாட்டுகள் முதலில் ஒரு படத்தை ஏற்றும். அப்படத்தின் அளவு 6912 பைட்டு. கோடு கோடாகத் திரையில் தோன்றி, இறுதியில் வண்ணம் பெறும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சரிபார்க்கும் பைட்டு ஒன்று உண்டு. அது பொருந்தவில்லையெனின் பிழைச் செய்தி ஒன்று திரையில் தோன்றும்; நாடாவை முதலிலிருந்து மீண்டும் சுற்றவேண்டியதுதான். ஒலியளவு குறைந்தாலும், மிகுந்தாலும், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி மயிரிழை சாய்ந்திருந்தாலும் இப்பிழை நேரும். பொறுமையை வேறெவரும் கற்பிக்கத் தேவையில்லாத ஒரு கல்விக்கூடம் அது.

நாடாவைத் தவிர வேறு வழிகளும் அன்றே இருந்தன. 1983-இல் சின்க்ளேர் நிறுவனம் மைக்ரோடிரைவ் என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. முடிவில்லாமல் சுழலும் மெல்லிய நாடா ஒன்று, சிறு பெட்டிக்குள் அடங்கி, குறைந்தது 85 கிலோபைட்டு ஏற்றது. வேண்டியது சில நொடிகளில் கிடைத்தது. ஆனால் அந்நாடா இழுபட்டு நீண்டது, தேய்ந்தது. தனியே ஓர் இணைப்புக் கருவியும் வாங்கவேண்டியிருந்தது. அதே ஆண்டில் செருகுபெட்டிகளை ஏற்கும் மற்றோர் இணைப்பும் வந்தது. செருகியவுடன் விளையாட்டுத் தொடங்கும், காத்திருத்தலே இல்லை. ஆயினும் ஒரு பெட்டியில் 16 கிலோபைட்டுக்கு மேல் கொள்ளாது. விலையோ நாடாவினும் மிகுதி. மொத்தம் பத்து விளையாட்டுகளே அவ்வடிவில் வெளிவந்தன. 1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கியது. அதுவே 1987-இல் மூன்று அங்குலக் காந்தத்தட்டு இயக்கியுடன் கூடிய ஸ்பெக்ட்ரம் பிளஸ் மூன்று என்பதை வெளியிட்டது. தட்டு விரைவானது, நம்பத்தக்கது. ஆனால் அவ்வளவுடைய தட்டுகள் விலை மிகுந்தவை. உலகம் அதற்குள் சோனியின் மூன்றரை அங்குலத் தட்டின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

இத்தனை வழிகள் இருந்தும் நாடாவே வென்றது. ஏன்? அது சிறந்தது என்பதால் அன்று, மலிவானது என்பதால். மாஸ்டர்டிரானிக் என்னும் நிறுவனம் ஒரு பவுன் 99 பென்சுக்கு விளையாட்டு நாடாக்களை விற்றது. பள்ளிச் சிறுவன் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கக்கூடிய விலை அது. எந்தக் கருவி நிலைபெறும் என்பதை அதன் ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை. வாங்குவோர் பையும் முடிவு செய்கிறது. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

நாடாவின் வெற்றிக்கு இன்னொரு பயனும் இருந்தது. வானொலியில் பேசும் நான் அதனைக் கூறாது விடல் ஆகாது. நிரல் என்பது ஒலியே ஆகிவிட்டபின், அதனை வானலையில் விடுவதற்குத் தடை என்ன? நெதர்லாந்து நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம் ஹாபிஸ்கூப் என்னும் நிகழ்ச்சியில் கணினி நிரல்களை ஒலிபரப்பியது. பல்வேறு கணினிகளுக்கும் பொதுவாக அமையவேண்டும் என்று பேசிகோட் என்னும் பொதுமுறை அங்கே உருவாயிற்று. பி.பி.சி. வானொலியும் 1980-களில் சிப் ஷாப் என்னும் நிகழ்ச்சியின் வாயிலாக இதனை மேற்கொண்டது. யுகோசுலாவியாவின் பெல்கிரேடு வானொலியில் சோரன் மோட்லி என்பார் வென்டிலேட்டர் 202 என்னும் தம் நிகழ்ச்சியில் நிரல்களை ஒலிக்கச் செய்தார். அந்நாட்டில் வோயா அன்டோனிச் 1983-இல் வடிவமைத்த கேலக்சியா என்னும் கணினியை மக்கள் தாமே உறுப்புகளை இணைத்து அமைத்துக்கொண்டனர். அயல்நாட்டுக் கணினிகள் எளிதில் கிட்டாத நாட்டில், வானொலியே நிரல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கேட்போர் தம் நாடாக்கருவியில் அவ்வோசையைப் பதிந்து, கணினிக்கு ஊட்டினர்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். ஸ்பெக்ட்ரமின் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் ஆர்வலர் பலர் அதனைப் பேணி இயக்குகின்றனர். அவர்கள் முன் இன்று உள்ள வழிகள் நான்கு.

முதலாவது, பழைய நாடாவும் பழைய கருவியும். இதில் அந்நாளைய பட்டறிவு முழுதும் கிடைக்கும். ஆனால் கருவியின் இரப்பர்ப் பட்டைகள் இற்றுப்போயிருக்கும். தலைப்பகுதியில் அழுக்குப் படிந்திருக்கும். இவற்றைச் சீர்செய்தபின்பே இயக்கவேண்டும். இரண்டாவது, நாடாவின் ஒலியைக் கோப்பாக்கி, கைப்பேசியிலிருந்து ஒரு கம்பி வழியே கணினியின் செவித்துளைக்கு ஊட்டுதல். செலவு மிகக் குறைவு. ஆனால் காத்திருக்கும் நேரம் குறையாது. ஒலியளவைப் போதிய அளவு உயர்த்தவும், பிற அழைப்போசைகள் குறுக்கிடாமல் தடுக்கவும் வேண்டும். மூன்றாவது, கணினியின் பின்புறத்தில் செருகும் டிவ்-எம்.எம்.சி. போன்ற இணைப்பு. விரல்நகம் போன்ற எஸ்.டி. கார்டு ஒன்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அடங்கும். எதுவும் சில நொடிகளில் ஏறும். மின்சாரத்தை அணைத்த பின்பே இதனைச் செருகவும் கழற்றவும் வேண்டும். மறந்தால் கணினியே பழுதாகும். நான்காவது, எமுலேட்டர் என்னும் நிரலால் இன்றைய கணினியையே ஸ்பெக்ட்ரம்போல் நடிக்கச் செய்தல். இதற்குப் பழைய கணினியே வேண்டா.

இவற்றுள் எது நன்று? அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் இவ்வினாவை என்னிடம் கொணர்ந்தார். இங்கிலாந்தில் சிலகாலம் பணியாற்றித் திரும்பிய அவர், அங்கே பழம்பொருள் சந்தையில் ஒரு ஸ்பெக்ட்ரமையும் பெட்டி நிறைய நாடாக்களையும் வாங்கிவந்திருந்தார். “ஐயா, எஸ்.டி. கார்டு இணைப்பு வாங்கிவிட்டால் இந்த நாடாக்களைக் கழித்துவிடலாம் அல்லவா?” என்று கேட்டார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை அச்சிட்ட உறையுடன் கடையில் விற்ற விளையாட்டுகள். இரண்டு மட்டும் வெற்று நாடாக்கள். அவற்றின்மேல் ஒரு சிறுவனது கையெழுத்து. “அச்சிட்டவற்றைப் பற்றிக் கவலை வேண்டா, தம்பி, அவற்றின் படிகள் உலகில் பல உள. கையெழுத்துள்ள இவ்விரண்டிற்கும் படி எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

நாங்கள் முதலில் அவ்விரு நாடாக்களின் ஒலியையும் சுருக்காமல் கோப்பாகப் பதிந்தோம். ஒன்று உடனே ஏறியது. மற்றொன்று மும்முறை பிழை காட்டியது. கருவியின் தலைப்பகுதியிலுள்ள சிறு திருகாணியை, ஓசை தெளிவாகும்வரை மெல்லத் திருப்பி, மீண்டும் பதிந்தபின் ஏறியது. அதில் இருந்தது விளையாட்டன்று. பெருக்கல் வாய்பாட்டை வினவும் நிரல். சரியான விடைக்கு ஒரு சிறு இசை ஒலித்தது. தவறான விடைக்கு, மீண்டும் முயல்க என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி தோன்றியது. வாழ்நாள் முழுதும் வாய்பாடு கேட்டுவந்த எனக்கு, கடல் கடந்த நாட்டில் பெயரறியாச் சிறுவன் ஒருவன் எழுதிய அவ்வரி பெருமகிழ்ச்சி தந்தது. அந்நாடாவைக் கழித்திருந்தால் அஃது உலகினின்றே மறைந்திருக்கும்.

ஆகவே என் விடை இது. விளையாடுவதற்கு மட்டும் எனின் எஸ்.டி. கார்டு இணைப்பே வசதியானது. பழைய நாடாக்களைத் தேய்க்காமல் காப்பதும் அதுவே. பணம் குறைவெனின் கைப்பேசியும் கம்பியும் போதும். கணினியே கைவசம் இல்லாத மாணவர்க்கு எமுலேட்டர் ஏற்றது. ஆனால் எதனை வாங்குவதற்கும் முன்னர்ச் செய்யவேண்டிய செயல் ஒன்றுண்டு. கையெழுத்துள்ள நாடா கையில் இருப்பின், முதலில் அதன் ஒலியைப் பதிந்துகொள்க. நாடாவின்மேலுள்ள காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. காத்திருக்குந்தோறும் இழப்பு மிகுகிறது. பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வையாதீர்கள், எஸ்.டி. கார்டும் அழியாப் பொருளன்று. உரிமையாளர் பகிர இசைந்த விளையாட்டு எது, இசையாதது எது என்பதையும் அறிந்து நடத்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர். ஓலை நிலைக்கவில்லை, படியெடுக்கும் வழக்கமே நூல்களைக் காத்தது. ஒலிநாடாவிற்கும் அந்நெறியே பொருந்தும். மாணவர்களே, உங்கள் உறவினர் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் கிடக்கக்கூடும். அவற்றில் கணினி நிரல் இல்லாவிடினும், ஒரு பாட்டியின் தாலாட்டோ, பள்ளி விழாவின் பேச்சோ இருக்கலாம். எறியுமுன் ஒருமுறை கேளுங்கள். கேட்குமுன் ஒரு படி எடுங்கள்.