மணிக்கு முன்னால் வரும் எண்

வீட்டு போனில் சின்னத் திரை இல்லாத காலத்தில் மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். அறந்தாங்கி மண்டிக்காரரா, துபாயிலிருந்து மகனா, ராங் நம்பரா என்பதெல்லாம் "ஹலோ" சொன்ன பிறகுதான் தெரியும். ஆவுடையார்கோவில், மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்துப் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர் காசு கொட்டிப் பேசுகிற போனை, வேறு யாரோ என்று விட்டுவிட முடியாது. அடுப்பில் பால் பொங்கினாலும் கூடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

கருவறையில் லிங்கம் இல்லாமல் ஆவுடையாரை மட்டும் வைத்து, உருவமற்ற ஆத்மநாதரைக் கும்பிடுகிற ஊர், திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோவில். கண்ணுக்குத் தெரியாதவரோடு பேசுவது திருப்பெருந்துறைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் மத்தியானத் தூக்கத்தில் எழுப்புகிறவர் யாரென்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் ஆசை இருக்கத்தானே செய்யும்?

அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது காலர் ஐடி. கடையில் "நம்பர் தெரியிற போன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் திரை போனின் சாமர்த்தியம் என்றுதான் பலரும் நினைத்தோம். உண்மையில் போனுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் சொல்வதை அது எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்படிச் சொல்ல எக்ஸ்சேஞ்சுக்கு எப்போது வாய் வந்தது என்பதுதான் இதன் பிறந்த கதை.

வேடிக்கை என்னவென்றால், தொலைபேசியின் தொடக்க காலத்தில் அந்த வாய் இருந்தது. பெல் காப்புரிமை வாங்கியது 1876இல். ஐந்தே ஆண்டில், 1881இல், கல்கத்தா, பம்பாய், மதராஸ், அகமதாபாத் நகரங்களில் எக்ஸ்சேஞ்ச் திறக்க ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி உரிமம் பெற்றது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா எக்ஸ்சேஞ்ச் 93 சந்தாதாரர்களோடு முறைப்படி திறக்கப்பட்டது. அந்த எக்ஸ்சேஞ்சுகளில் பலகைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுக் கம்பியிலிருந்து அழைப்பு வருகிறது என்று அவருக்குத் தெரியும். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்பதும் தெரியும். ஊர் ரகசியம் பாதி அவர் காதில்தான் இருந்தது. பின்னால் டிரங்க் கால் காலத்திலும் "மதுரையிலிருந்து கால் இருக்கு, பேசுங்க" என்று ஆபரேட்டர் சொன்ன பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். இன்னார்தான் வர வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்யும் பி.பி. கால் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு போன் எண்ணைக் கல்யாணப் பத்திரிகையில் பி.பி. என்று போட்டு அச்சடித்ததும் உண்டு.

அந்த வாயை அடைத்தவர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரவுஜர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். சந்தேகம் மெய்யோ பொய்யோ, ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி சுவிட்சுக்கு 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913–14இல் சிம்லாவில் வந்தது. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, வெளியூருக்கு நாமே நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தபோது டிரங்க் ஆபரேட்டரும் விலகத் தொடங்கினார்.

ஸ்ட்ரவுஜர் எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. டயலைச் சுழற்றினால் எழும் துடிப்புகளை எண்ணி, படிப்படியாக நகர்ந்து, கேட்ட எண்ணைப் பிடித்துவிடும். கேட்டவர் யார் என்பதை மட்டும் அடுத்த படிக்குச் சொல்லாது. யார் அழைத்தார் என்று பிடிக்க வேண்டுமானால், லைன் துண்டிக்கப்படாமல் இருக்கும்போதே பொறியாளர்கள் சுவிட்ச் சுவிட்சாகப் பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். பழைய படங்களில் போலீஸ்காரர் "இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருங்க" என்று சைகை காட்டுவது சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட சங்கதி அல்ல.

ஆக, மணி அடித்தால் யாரென்று தெரியாத தவிப்பை நமக்குக் கொடுத்ததே தானியங்கி எக்ஸ்சேஞ்சுதான். காலர் ஐடி, பறிபோனதைத் திருப்பிக் கொடுத்தது.

திருப்பிக் கொடுக்க முதலில் முனைந்தவர்களில் ஒருவர் கிரேக்கர், தியோடர் பராஸ்கெவாகோஸ். 1968இல் ஏதென்ஸில் தகவல்தொடர்புப் பொறியாளராக இருந்தபோது, அழைப்பவரின் எண்ணைப் பெறுபவரின் கருவிக்கு அனுப்பும் வழியைத் தேட ஆரம்பித்தார். 1971இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாதிரிக் கருவிகள் செய்து தொலைபேசிக் கம்பெனிகளுக்குக் காட்டினார். 1973இல் காப்புரிமையும் வந்தது. ஜப்பானில் கசுவோ ஹஷிமோட்டோ 1976இல் எண் காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். ஆள் இல்லாதபோது போனுக்குப் பதில் சொல்லும் எந்திரத்துக்கும் பேர்போனவர் அவர். அவருடைய மாதிரிகள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரேசிலில் நெலியோ நிக்கோலாய் தானே முதலில் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடினார். இப்படிப் பல தகப்பன்கள்.

என் கணக்கில் முக்கியமானவர் பெல் ஆய்வகத்தின் கரோலின் டௌட்டி. மற்றவர்கள் எண்ணை எப்படிக் காட்டுவது என்று யோசித்தார்கள். எப்போது அனுப்புவது என்பதற்கு ஒழுங்கான விடை இவருடையது. ரிசீவரை எடுப்பதற்கு முன்பே எண் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. ஆனால் எடுக்காத போனில் மணி அடிக்கும் மின்சாரத்தைத் தவிர வேறென்ன ஓடும்? மணிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு மௌனம் இருக்கிறதே, அதில் அனுப்பலாம் என்றார். 1986இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பிலேயே அந்த மௌன இடைவெளி இருக்கிறது. அமெரிக்க மணி 2 விநாடி அடித்து 4 விநாடி ஓயும். அந்த ஓய்வுக்குள் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகளை மாற்றி மாற்றி ஒலித்து, விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் தேதி, நேரம், எண் மூன்றையும் அனுப்பி முடித்துவிடுவார்கள். இதற்கு எஃப்.எஸ்.கே. என்று பெயர்.

நம் மணியின் தாளம் வேறு. 0.4 விநாடி அடித்து, 0.2 விநாடி நின்று, மறுபடி 0.4 அடித்து, 2 விநாடி ஓயும் "ட்ரிங் ட்ரிங்" அது. இங்கே பல எக்ஸ்சேஞ்சுகள் இன்னொரு வழியை எடுத்துக்கொண்டன: முதல் மணிக்கு முன்பே, பட்டன் போனில் எண் அழுத்தும்போது கேட்குமே, அதே டி.டி.எம்.எஃப். ஒலிகளில் எண்ணைச் சொல்லிவிடுவது. நம் கடைகளில் விற்ற போன்களின் அட்டைப் பெட்டியில் எஃப்.எஸ்.கே., டி.டி.எம்.எஃப். இரண்டும் அச்சாகியிருந்த காரணம் இதுதான்.

இவ்வளவு இருந்தும், அழைத்தவரின் எண் அவருடைய எக்ஸ்சேஞ்சிலிருந்து நம்முடைய எக்ஸ்சேஞ்சுக்கு வந்து சேராவிட்டால் எல்லாம் வீண். அதற்கு எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி மொழியும் தனிப் பாதையும் வேண்டியிருந்தன. 1980இல் வகுக்கப்பட்ட ஏழாம் எண் சமிக்ஞை முறை அதைக் கொடுத்தது. இன்னார் இன்னாரைக் கூப்பிடுகிறார் என்ற செய்தி குரலுக்கு முன்னால், வேறு பாதையில் ஓடியது. காலர் ஐடி பிறந்த இடம் போன் பெட்டி அல்ல, இந்தப் பாதைதான் என்பேன்.

1987இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் காலர் ஐடியை மக்களுக்கு விற்றுப் பார்த்தபோது பெரிய சண்டை மூண்டது. ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுப்பவர்கள் மாட்டுவார்கள் என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஒளிந்திருக்கும் பெண், பிள்ளைகளோடு பேச அழைத்தால் அவள் இருக்கும் இடம் தெரிந்துவிடாதா என்று மறு தரப்பு கேட்டது. 1990இல் பென்சில்வேனியா நீதிமன்றம் சேவைக்கே தடை போட்டது. கடைசியில், எண்ணை மறைக்க விரும்புகிறவர் முன்னால் ஒரு குறியீட்டை அழுத்தி மறைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் சமாதானம் ஆனார்கள். நம் ஊரில் இந்தச் சண்டை நடக்கவே இல்லை. இங்கே கவலை வேறு: முதலில் போன் கிடைக்கட்டும்!

கிராமத்துக்குப் போன் கிடைக்க வழி செய்தது 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம். அதை வளர்த்தவர்களில் சாம் பிட்ரோடாவின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், ஜி.பி. மீமாம்சியின் பெயரைச் சொல்ல ஆள் குறைவு. குளிர்சாதன அறை கேட்காமல், நம் வெயிலையும் புழுதியையும் தாங்கி ஓடும் சிறிய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். 128 இணைப்புத் துளைகள் கொண்ட அதன் முதல் பெட்டி 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பரவிய பிறகுதான் சிற்றூர் வீட்டுத் திரைகளில் எண் விழ வழி பிறந்தது.

வீட்டில் நம்பர் தெரியிற போனைப் பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. சுவரில் லைன்மேன் அறைந்து வைத்த சின்னப் பெட்டியில் செருகினால் பேசலாம், மணி அடிக்கும். இரண்டுக்கும் வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே அனுப்புகிறது. ஓய்விலிருக்கும் கம்பியில் 48 வோல்ட் நிற்கும். திரைக்கும் நினைவகத்துக்கும் மட்டும் அடியில் பேட்டரி போட வேண்டும், ஏனென்றால் ரிசீவர் கீழே இருக்கும்போது லைனிலிருந்து அதிக மின்சாரம் எடுக்கக் கூடாது. எண் மங்கலாகத் தெரிந்தாலோ பழைய எண்கள் அழிந்துபோனாலோ முதலில் பேட்டரியைப் பாருங்கள். டி.டி.எம்.எஃப். எண்ணை மட்டும்தான் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. எனவே அந்த வகை லைனில் கடிகாரத்தைக் கையால் சரி செய்ய வேண்டும். செய்யாத வீடுகளில் எல்லா அழைப்பும் ஜனவரி 1 நள்ளிரவை ஒட்டித்தான் வந்திருக்கும். எஃப்.எஸ்.கே. லைனில் முதல் மணி முழுசாக அடித்து ஓய விட வேண்டும். பாய்ந்து எடுத்தால் எண் வராது. பிராட்பேண்ட் இருந்தால் அதற்கான பிரிப்பான் வழியாகத்தான் போனைச் செருக வேண்டும்.

திரையில் விழுந்த எண்ணைத் திரும்ப அழைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆவுடையார்கோவிலுக்கும் அறந்தாங்கிக்கும் ஒரே குறியீடு, 04371. அந்த எண்ணை அப்படியே அழுத்தலாம். வெளியூர் எண் சில போன்களில் முன்பூஜ்யம் இல்லாமல் விழும், நாம்தான் சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனை அழைத்தாலும் முன்னால் 0 போட்டாக வேண்டும்.

இந்தத் திரை பெற்ற பிள்ளை ஒன்று உண்டு: மிஸ்டு கால். முன்பெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல "ரெண்டு ரிங் விட்டு வச்சிடுறேன்" என்று பேசி வைத்துக்கொள்வார்கள். அதே நேரத்தில் வேறொருவர் இரண்டு ரிங்கோடு வைத்துவிட்டால் குழப்பம்தான். எண் தெரிய ஆரம்பித்ததும், எடுக்காத அழைப்பே முழுச் செய்தி ஆகிவிட்டது, அதுவும் காசில்லாமல். செல்போனில் உள்ளே வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்த 2003 வரைக்கும், எண்ணைப் பார்த்து வெட்டிவிட்டுப் பக்கத்து பூத்துக்கு நடந்தவர்கள் எத்தனை பேர்!

ஆனால் எக்ஸ்சேஞ்ச் சொன்னதை மட்டுமே போன் எழுதும் என்றேனே, சிக்கல் அங்கேதான். எக்ஸ்சேஞ்சை ஏமாற்றினால் திரையும் பொய் சொல்லும். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், வெளிநாட்டு அழைப்புக்கான கட்டணத்தைத் தவிர்க்க அதை உள்ளூர் அழைப்பாக மாற்றி உள்ளே தள்ளும் கள்ள வழிகள் பெருகின. மகன் பேசுவது துபாயிலிருந்து, திரையில் விழுவது ஏதோ இந்திய எண். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாகக் காட்டியதற்காக 2004இல் ஒரு பெரிய தனியார் நிறுவனத்துக்கே தொலைத்தொடர்புத் துறை 150 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

அன்று அரசுக்கு நட்டம், இன்று நமக்கு. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண்ணிலிருந்து அழைப்பதுபோல் காட்டி, போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். 2024 அக்டோபரில் இத்தகைய அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு தொடங்கியபோது முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் போலி எண்ணோடு வந்தவையாகப் பிடிபட்டு நிறுத்தப்பட்டன. எண்ணோடு அழைப்பவரின் பெயரையும் திரையில் காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதே ஆண்டு பிப்ரவரியில் பரிந்துரை செய்தது. பெயர் வந்தாலும், அது பதிவேட்டில் இருக்கும் பெயர். பேசுகிறவர் அவர்தானா என்பதை எந்தத் திரையும் சொல்லாது.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், திரையில் தெரியும் எண்ணை நம்பி ஓ.டி.பி., வங்கி விவரம் எதையும் சொல்ல வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அழைப்பை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அடித்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.